வகுத்தால் மாறாதது, பெருக்கினால் மாறாதது

பென்சிலை எடுக்காமல் இந்த நான்கு கேள்விகளையும் ஒருமுறை வாசியுங்கள்.

3 கிலோ வெல்லம் 180 ரூபாய். 5 கிலோ என்ன விலை?

ஒரு வீட்டுக்கு வெள்ளையடிக்க 3 பேருக்கு 10 நாள் ஆகிறது. 5 பேர் வந்தால் எத்தனை நாள்?

தம்பிக்கு 3 வயதாக இருந்தபோது அக்காவுக்கு 9 வயது. தம்பிக்கு 5 வயதாகும்போது அக்காவுக்கு என்ன வயது?

கொடியில் போட்ட 3 வேட்டி காய 2 மணி நேரம் ஆகிறது. 5 வேட்டி காய எவ்வளவு நேரம்?

நான்கும் ஒரே அச்சில் வார்த்தவை. மூன்று எண் கையில் இருக்கிறது, நான்காவதைக் கேட்கிறார்கள். பள்ளியில் பழகிய கை உடனே குறுக்குப் பெருக்கலுக்குப் போகும். அப்படிப் போனால் வெல்லம் 300 ரூபாய் என்று சரியாக வரும். வெள்ளையடிக்க 16 நாளும் கொஞ்சமும் என்று வரும்; ஆள் கூடியதும் வேலை நீண்டுவிட்டது. அக்காவுக்கு 15 வயது ஆகிவிடும். வேட்டி காய 3 மணி 20 நிமிடம். குறுக்குப் பெருக்கலுக்குக் கண் கிடையாது. எந்த மூன்று எண்ணைப் போட்டாலும் நான்காவதைக் கொடுத்துவிடும்.

சரியான விடைகள்: 300 ரூபாய், 6 நாள், 11 வயது, கொடியில் இடமிருந்தால் அதே 2 மணி நேரம். முதல் கணக்கில் விலையை எடையால் வகுத்தால் எப்போதும் 60. இரண்டாவதில் ஆளையும் நாளையும் பெருக்கினால் எப்போதும் 30. மூன்றாவதில் இருவர் வயதுக்கும் உள்ள வித்தியாசம் 6, அது மாறாது. நான்காவதில் நேரமே மாறவில்லை; வெயில் எல்லா வேட்டிக்கும் ஒரே நேரத்தில்தான் அடிக்கிறது.

ஆகவே சூத்திரத்தைத் தேடுவதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இங்கே எது மாறாமல் நிற்கிறது? விகிதக் கணக்கில் தவறுபவர்களில் பெரும்பாலோர் பெருக்கல் வகுத்தலில் தவறுவதில்லை. இந்தக் கேள்வியைக் கேட்காமலே கணக்கில் இறங்கிவிடுகிறார்கள்.

நான்காவது எண்ணைத் தேடும் கணக்கு நம் நாட்டில் மிகப் பழையது. கி.பி. 499-ஐச் சேர்ந்த ஆரியபட்டீயத்திலேயே ‘திரைராசிகம்’ என்ற பெயரில் அது இருக்கிறது. தெரிந்த அளவு பிரமாணம், அதற்குக் கிடைப்பது பலன், நாம் விரும்பும் அளவு இச்சை. பலனை இச்சையால் பெருக்கிப் பிரமாணத்தால் வகுத்தால் விடை. 1150-இல் லீலாவதியை எழுதிய பாஸ்கரர் இதோடு நிற்கவில்லை. தலைகீழாக நடக்கும் கணக்குகளுக்கு ‘வியஸ்த திரைராசிகம்’ என்று தனி விதி வைத்து, அது எங்கெங்கே பொருந்தும் என்பதையும் குறித்தார். அவர் சொன்ன இடங்களில் ஒன்று தங்கத்தின் மாற்றும் எடையும். நாமும் அந்த இடத்துக்கு வருவோம். அதற்கு முன் விகிதத்தையே ஒரு பார்வை பார்த்துவிடலாம்.

விகிதம்: எதற்கும் எதற்கும்?

இரண்டு அளவுகளை வகுத்து ஒப்பிடுவது விகிதம். அலகு ஒன்றாக இருக்க வேண்டும். 75 பைசாவுக்கும் 3 ரூபாய்க்கும் உள்ள விகிதம் 75:3 அல்ல, 75:300, அதாவது 1:4. இதில் யாருக்கும் பெரிய சிரமம் இல்லை. சிரமம் தருவது வேறொன்று. விகிதம் சில இடங்களில் பகுதியைப் பகுதியோடு ஒப்பிடும், சில இடங்களில் பகுதியை முழுமையோடு ஒப்பிடும். எழுதும்போது இரண்டும் ஒரே மாதிரி தெரியும்.

இட்லிக்கு அரிசியும் உளுந்தும் 4:1 என்றால், உளுந்து அரிசியில் கால் பங்கு; நனைத்து வைத்த மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு. இரண்டும் சரிதான். ஆனால் “மொத்தம் 2 கிலோ நனைக்கணும், உளுந்து எவ்வளவு?” என்று கேட்டால் அரைக் கிலோ என்பது தவறு, 400 கிராம் என்பதே சரி. முழுமையைப் பங்கிடும்போது முதலில் பங்குகளைக் கூட்டிக்கொள்ள வேண்டும்: 4 + 1 = 5.

தங்கத்தில் வழக்கம் நேர் எதிர். 22 காரட் என்பது பகுதிக்கும் முழுமைக்கும் உள்ள விகிதம்: 24 பங்கில் 22 பங்கு தங்கம். வகுத்தால் 0.9166..., அதுதான் நகையில் காணும் 916. இதே செய்தியைப் பகுதிக்குப் பகுதியாகச் சொன்னால் தங்கமும் மற்ற உலோகமும் 22:2, அதாவது 11:1. 8 கிராம் எடையுள்ள ஒரு பவுன் 22 காரட் நகையில் சுத்தத் தங்கம் 8 × 22 ÷ 24, அதாவது சுமார் 7.33 கிராம்.

உர மூட்டையில் அச்சிட்ட 17:17:17 இன்னும் தந்திரமானது. பார்த்தால் விகிதம் போலவே இருக்கும், சுருக்கினால் 1:1:1. பக்கத்தில் உள்ள 19:19:19 மூட்டையும் சுருக்கினால் 1:1:1. அப்படியானால் இரண்டும் ஒன்றா? இல்லை. அங்கே போட்டிருப்பவை சதவீதங்கள்: 100 கிலோவில் தழைச்சத்து 17, மணிச்சத்து 17, சாம்பல்சத்து 17. மீதி 49 கிலோ அந்தச் சத்துகளைத் தாங்கிவரும் மற்றப் பொருள். முக்காற்புள்ளி போட்டதெல்லாம் சுருக்கத்தக்க விகிதம் அல்ல. எதற்கும் எதற்கும் ஒப்பீடு என்று கேட்டுவிட்டுத்தான் சுருக்க வேண்டும்.

மருந்தையோ பிளீச்சையோ நீரில் கலக்கும்போது சொல்லும் ‘ஒன்றுக்குப் பத்து’ இதே குழப்பத்தின் இன்னொரு முகம். ஒரு பங்கு மருந்தோடு பத்துப் பங்கு தண்ணீர் சேர்த்தால் மொத்தம் 11 பங்கு. பத்து பங்குக் கரைசலில் ஒரு பங்கு மருந்து என்றால் தண்ணீர் 9 பங்குதான். புட்டியில் எழுதியிருப்பவர் எதை நினைத்தார் என்பதை மில்லிலிட்டர் கணக்கில் போட்ட வரியைத் தேடிப் படித்து உறுதிசெய்வது நல்லது.

கான்கிரீட்டில் கொஞ்சம் நிற்போம்

இந்த அத்தியாயத்தின் வம்புகள் எல்லாம் ஒரே இடத்தில் கூடுவது கட்டட வேலையில். எம் 20 தரக் கான்கிரீட்டுக்கு வழக்கமான கலவை 1:1½:3. சிமெண்ட் ஒன்று, மணல் ஒன்றரை, ஜல்லி மூன்று. இது கன அளவு விகிதம், எடை விகிதம் அல்ல. 50 கிலோ சிமெண்ட் மூட்டை சுமார் 35 லிட்டர் இடம் பிடிக்கும். ஆக ஒரு மூட்டைக்கு மணல் சுமார் 52 லிட்டர், ஜல்லி சுமார் 104 லிட்டர். சட்டியால் அளந்து போடுவதும் பெட்டியால் அளந்து போடுவதும் இதைத்தான்.

இப்போது ஒரு கன மீட்டர் கான்கிரீட்டுக்கு எத்தனை மூட்டை வேண்டும்? பங்குகளைக் கூட்டினால் 5½. ஒரு கன மீட்டரை 5½-ஆல் வகுத்தால் 0.182 கன மீட்டர் சிமெண்ட். கன மீட்டருக்கு 1,440 கிலோ என்று எடுத்தால் 262 கிலோ, 5 மூட்டைக்குக் கொஞ்சம் மேல். கணக்கு சுத்தம், விடை தவறு. காரணம், இங்கே பகுதிகளின் கூட்டுத்தொகை முழுமைக்குச் சமம் அல்ல. ஜல்லியின் இடுக்குகளில் மணல் புகும், மணலின் இடுக்குகளில் சிமெண்ட் புகும், தண்ணீர் பட்டதும் எல்லாம் அமுங்கும். ஒரு கன மீட்டர் ஈரக் கான்கிரீட் கிடைக்க உலர்ந்த பொருள் சுமார் 1.54 கன மீட்டர் போட வேண்டும் என்பது பொறியாளர்கள் கையாளும் கணக்கு. 1.54 ÷ 5.5 = 0.28, அது சுமார் 403 கிலோ, 8 மூட்டை. 5 மூட்டைக்கும் 8 மூட்டைக்கும் உள்ள இடைவெளி, விகிதத்தைத் தவறாகச் சுருக்கியதால் வந்ததல்ல. முழுமை எது என்று கேட்காததால் வந்தது.

மணலிலும் ஒரு மாயம் உண்டு. லேசாக ஈரம்பட்ட மணல் உப்பும். துகள்களைச் சுற்றிய நீர்ப்படலம் அவற்றைத் தள்ளி வைப்பதால் கன அளவு கால்வாசி வரைகூடக் கூடலாம். பெட்டிக் கணக்கில் ஒன்றரைப் பெட்டி போட்டாயிற்று, உள்ளே விழுந்த மணல் ஒன்றரைப் பங்கு இல்லை. விகிதம் காகிதத்தில் அப்படியே இருக்கிறது, கலவையில் மாறிவிட்டது.

தண்ணீர் மட்டும் எடைக் கணக்கில் வரும். நீருக்கும் சிமெண்டுக்கும் உள்ள எடை விகிதம், கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு, கடுமையற்ற சூழலில், அதிகபட்சம் 0.55 என்கிறது இந்தியத் தரநிலை 456. ஒரு மூட்டைக்கு 27½ லிட்டர். மணலில் ஏற்கெனவே உள்ள ஈரமும் இதற்குள் அடக்கம். கலவை இளகலாக இருந்தால் கொட்டச் சுலபம் என்று ஒரு குடம் கூடுதலாக ஊற்றுவார்கள். அந்த ஒரு குடத்தில் மற்ற மூன்று பங்கின் கவனமும் கரைந்துபோகும்.

நேர் விகிதம்: வகுத்தால் மாறாதது

இரண்டு விகிதங்கள் சமமானால் அது விகிதசமம். 3:180 = 5:300. முனை உறுப்புகளின் பெருக்கற்பலனும் நடு உறுப்புகளின் பெருக்கற்பலனும் சமம்: 3 × 300 = 180 × 5. குறுக்குப் பெருக்கல் என்பது இதுதான். வகுத்தால் வரும் ஈவு மாறாத இடத்தில் மட்டும் அது செல்லும்.

ஈவு மாறாது என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒன்று இரட்டித்தால் மற்றதும் இரட்டிக்கிறதா என்று பார்க்கலாம். அதைவிடச் சுருக்கமான சோதனை பூஜ்யம். ஒன்று பூஜ்யமானால் மற்றதும் பூஜ்யமாகிறதா? ஆகவில்லை என்றால் நேர் விகிதம் இல்லை, எவ்வளவு ஒழுங்காக இரண்டும் சேர்ந்து கூடினாலும் சரி.

2013-இல் சென்னைக்கு நிர்ணயித்த ஆட்டோ கட்டணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். (அந்தக் கட்டணத்துக்கு ஆட்டோ வந்ததா என்பது வேறு கணக்கு.) 1.8 கிலோமீட்டருக்கு 25 என்றால் 3.6 கிலோமீட்டருக்கு 50 ஆக வேண்டும். ஆகாது, 25 + 1.8 × 12 = 46 ரூபாய் 60 பைசா. ஏறியவுடன் இறங்கினாலும் 25 ரூபாய். பூஜ்யத்தில் பூஜ்யம் இல்லை.

கல்யாணச் செலவும் அப்படித்தான். மண்டப வாடகை 60,000 ரூபாய், இலைக்கு 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 300 பேருக்கு 1,20,000; தலைக்கு 400. “தலைக்கு 400 ஆச்சு, 600 பேர்னா 2,40,000” என்று பெண் வீட்டார் கவலைப்பட்டால், அவர்களிடம் சொல்லலாம்: 1,80,000 போதும், தலைக்கு 300. இத்தகைய கணக்குகளுக்கு வழி எளிது. நிலையான செலவைக் கழித்து ஓரமாக வையுங்கள். மிச்சம் நேர் விகிதமாக நடக்கும். கணக்கு முடிந்ததும் கழித்ததைக் கூட்டுங்கள்.

வெப்பநிலையும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததே. 20 டிகிரி செல்சியஸ் என்பது 68 டிகிரி பாரன்ஹீட், 40 என்பது 104. ஒன்று இரட்டித்தது, மற்றது இரட்டிக்கவில்லை. 0 டிகிரி செல்சியசில் பாரன்ஹீட் 32 நிற்கிறது. அதைக் கழித்துவிட்டால் 36, 72 என்று இரட்டிப்பு தெரியும்.

எதிர் விகிதம்: பெருக்கினால் மாறாதது

“ஒன்று கூட, மற்றது குறைந்தால் எதிர் விகிதம்” என்று மனப்பாடம் செய்தவர்கள் பலர். அந்த வரியை நான் ஏற்பதில்லை. பாதி உண்மைதான் அதில் இருக்கிறது. 14.2 கிலோ எரிவாயு சிலிண்டரைப் பாருங்கள். ஒரு நாளைக்கு 355 கிராம் செலவானால் 40 நாள் வரும். இரட்டிப்பாக, 710 கிராம் செலவானால் 20 நாள். நாள் செலவையும் நாட்களையும் பெருக்கினால் எப்போதும் 14.2 கிலோ. இது அசல் எதிர் விகிதம்.

அதே சிலிண்டரில் கழிந்த நாட்களையும் மீதி எரிவாயுவையும் பாருங்கள். 10-ஆம் நாள் முடிவில் மீதி 10.65 கிலோ, 20-ஆம் நாள் முடிவில் 7.1 கிலோ. நாள் கூடக்கூட எரிவாயு குறைகிறது. ஆனால் நாள் இரட்டித்தபோது மீதி பாதியாகவில்லை. பெருக்கினால் 106.5 ஒருமுறை, 142 இன்னொருமுறை. இது எதிர் விகிதம் இல்லை, வெறும் கழித்தல். இரட்டித்தால் பாதியாகிறதா, மூன்று மடங்கானால் மூன்றில் ஒன்றாகிறதா என்பதே சோதனை.

ஆள்–நாள் கணக்கில் பெருக்கற்பலனுக்கு ஒரு பெயரும் உண்டு, ஆள்நாள். 12 பேர் 10 நாள் செய்யும் வேலை 120 ஆள்நாள். 15 பேருக்கு 8 நாள், 20 பேருக்கு 6 நாள். தேர்வுத்தாள் இதற்கு எல்லை சொல்லாது, கிணறு சொல்லும். கிணற்றுக்குள் இரண்டு பேர் நின்று தோண்டத்தான் இடம் என்றால், மேலே பத்துப் பேர் நின்றாலும் நாள் குறையாது. பெருக்கற்பலன் மாறாமல் நிற்க அனைவருக்கும் வேலை இருக்க வேண்டும், ஒருவர் மற்றவர் வழியில் குறுக்கிடக் கூடாது.

வேகமும் நேரமும் எதிர் விகிதம். இதிலிருந்து வரும் ஒரு விளைவை வண்டி ஓட்டுகிறவர்கள் மனதில் வாங்குவதில்லை. 120 கிலோமீட்டர் தூரத்தை 40 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 3 மணி நேரம். 60-இல் 2 மணி நேரம். 20 கிலோமீட்டர் வேகம் கூட்டியதில் ஒரு மணி நேரம் மிச்சம். அதே தூரம் 80-இல் ஒன்றரை மணி, 100-இல் 1 மணி 12 நிமிடம். இங்கேயும் 20 கிலோமீட்டர்தான் கூட்டினோம், மிச்சம் 18 நிமிடம். வேகம் ஏற ஏற அதே முடுக்கலுக்குக் கிடைக்கும் பலன் சுருங்கிக்கொண்டே போகும். போகும்போது 40, திரும்பும்போது 60 என்றால் சராசரி வேகம் 50 இல்லை, 48: மொத்தம் 240 கிலோமீட்டர், 5 மணி நேரம். மெதுவான பயணம் அதிக நேரம் எடுத்துக்கொள்வதால் சராசரி அதன் பக்கம் சாய்கிறது.

பாஸ்கரர் காட்டிய தங்கத்துக்கு வருவோம். 10 கிராம் 24 காரட் தங்கத்தை 22 காரட்டாக மாற்றினால் எடை என்ன ஆகும்? உருக்கும்போது மாறாமல் நிற்பது உள்ளே இருக்கும் சுத்தத் தங்கம். காரட்டையும் எடையையும் பெருக்கினால் 240. அதை 22-ஆல் வகுத்தால் 10.909 கிராம். சேர்க்க வேண்டிய செம்பு அல்லது வெள்ளி 0.909 கிராம். காரட் குறைய, எடை கூடுகிறது, பெருக்கற்பலன் அசையவில்லை. (ஆசாரியின் சேதாரம் இதற்குள் வராது, அது தனி.)

கரைசலை நீர்க்கச் செய்வதும் இதே கணக்கு. 5 சதவீத பிளீச் கரைசலிலிருந்து 0.5 சதவீதக் கரைசல் 1 லிட்டர் வேண்டும். 0.5 × 1000 = 500; 500 ÷ 5 = 100 மில்லி. அதை 1 லிட்டராக்க 900 மில்லி தண்ணீர். தேர்வுப் பயிற்சி மையங்களில் ‘அலிகேஷன்’ என்று தனிப்பாடமாக நடத்துவதும் உள்ளே பார்த்தால் எதிர் விகிதம்தான். 40 ரூபாய் அரிசியையும் 60 ரூபாய் அரிசியையும் கலந்து 45 ரூபாய் அரிசி ஆக்க வேண்டும். 45-இலிருந்து ஒன்று 5 தள்ளி இருக்கிறது, மற்றது 15 தள்ளி இருக்கிறது. அருகில் இருப்பது அதிகம் வேண்டும்: 15:5, அதாவது மலிவானது 3 பங்கு, விலை கூடியது 1 பங்கு. அளவையும் தள்ளியிருக்கும் தொலைவையும் பெருக்கினால் இரு பக்கமும் 15.

ஒன்றுக்கு மேற்பட்டவை சேர்ந்து மாறினால்

ஒரு தையல் கூடத்தில் 8 பேர், நாளைக்கு 6 மணி நேரம் தைத்து, 10 நாளில் 240 சட்டை முடித்தார்கள். 12 பேர், நாளைக்கு 8 மணி நேரம், 600 சட்டைக்கு எத்தனை நாள்? பள்ளியில் மேல் அம்பு, கீழ் அம்பு போட்டுச் செய்வோம். அம்புகள் திசையைக் காட்டும், காரணத்தைக் காட்டாது. இங்கேயும் மாறாததைத் தேடுவதே சுருக்கு வழி. ஒரு சட்டைக்குப் பிடிக்கும் ஆள்மணி மாறாது. 8 × 6 × 10 = 480 ஆள்மணியில் 240 சட்டை; சட்டைக்கு 2 ஆள்மணி. 600 சட்டைக்கு 1,200 ஆள்மணி. நாளைக்குக் கிடைப்பது 12 × 8 = 96. வகுத்தால் 12½ நாள்.

லீலாவதியில் ஐந்து ராசி, ஏழு ராசி, ஒன்பது ராசி என்று இதற்கும் விதிகள் உண்டு. பெயர்கள் பெரிதாகும், கருத்து வளர்வதில்லை.

கூட்டு வியாபாரப் பங்கும் இதே வகை. ஒருவர் 2 லட்சம் போட்டு 12 மாதம், மற்றவர் 3 லட்சம் போட்டு 6 மாதம். பணத்தையும் காலத்தையும் பெருக்கினால் 24:18, அதாவது 4:3. லாபம் 70,000 என்றால் 40,000, 30,000. அதிகப் பணம் போட்டவருக்குக் குறைவாக வருகிறதே என்று மனஸ்தாபம் வரும் இடம் இது. கணக்கைத் தொடங்கும் நாளிலேயே எழுதி வைத்துவிடுவது உத்தமம்.

வர்க்கமாகவும் கனமாகவும்

நேர் விகிதத்தின் வேடத்தில் வந்து ஏமாற்றுபவை சில உண்டு. அரை அங்குலக் குழாய்க்குப் பதில் ஒரு அங்குலக் குழாய் போட்டால் தண்ணீர் இரு மடங்கு வரும் என்று நினைப்போம். விட்டம் இரட்டித்தால் வாய்ப் பரப்பு நான்கு மடங்கு. சுவர் உராய்வின் பங்கு குறைவதால் நடைமுறையில் வரத்து நான்கு மடங்குக்கும் மேல். 10 அங்குலத் தோசைக்கும் 14 அங்குலத் தோசைக்கும் உள்ள விகிதம் 10:14 அல்ல, 100:196. ஏறக்குறைய இரட்டைத் தோசை. ஓட்டல் பட்டியலில் அளவு போட்டிருந்தால் மனதுக்குள் வர்க்கப்படுத்திப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

கன அளவு இன்னும் வேகமாக ஏறும். விட்டம் இரட்டித்த லட்டு, எட்டு லட்டுக்குச் சமம். 1:50,000 அளவிலான நில வரைபடத்தில் 2 சென்டிமீட்டர் என்பது தரையில் 1 கிலோமீட்டர். ஆனால் 1 சதுர சென்டிமீட்டர் என்பது அரை சதுர கிலோமீட்டர் அல்ல, கால் சதுர கிலோமீட்டர். பிரேக் பிடித்த பின் வண்டி ஓடும் தூரம் வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். 40-இல் இருந்து 80-க்குப் போனால் நான்கு மடங்கு. பிரேக்கை மிதிக்க மூளைக்கு ஆகும் நேரத்தில் ஓடும் தூரம் மட்டும் இரண்டு மடங்கு. நிற்கும் தூரத்தில் இரண்டும் கலந்திருப்பதால், அதை ஒரே விகிதத்தில் அடைக்க முடியாது.

இந்தப் பகுதியின் அழகான உதாரணம் மேசை மேலேயே கிடக்கிறது. ஏ4 தாள் 210 × 297 மில்லிமீட்டர். ஏ3 தாள் 297 × 420. ஏ4-இன் நீளமே ஏ3-இன் அகலம். 210-க்கு 297 எப்படியோ, 297-க்கு 420 அப்படி. நடு எண் இருமுறை வரும் இத்தகைய விகிதசமத்தைத் தொடர் விகிதசமம் என்பார்கள். நடு எண்ணின் வர்க்கம் இரு முனைகளின் பெருக்கற்பலனுக்குச் சமம். 297-இன் வர்க்கம் 88,209. 210 × 420 = 88,200. அந்த 9 வித்தியாசம், அளவுகளை முழு மில்லிமீட்டராக்கியதால் வந்தது. உண்மையான விகிதம் 1-க்கு 2-இன் வர்க்கமூலம், 1.414.

ஜெராக்ஸ் கடையில் ஏ4-ஐ ஏ3 ஆக்க 141 சதவீதம் என்று வைப்பது இதனால்தான். பரப்பு இரட்டிக்கிறது, பக்கம் 1.41 மடங்குதான் நீள்கிறது. திரும்பச் சுருக்க 71 சதவீதம். ஏ0 தாளின் பரப்பு 1 சதுர மீட்டர். ஒவ்வொரு படியிலும் பாதியாக மடித்து வந்தால் ஏ4 அதில் 16-இல் ஒரு பங்கு. சதுர மீட்டருக்கு 80 கிராம் என்ற தாளில் ஒரு ஏ4 சரியாக 5 கிராம், 500 தாள் கட்டு இரண்டரைக் கிலோ. தராசு இல்லாமலே உறைக்குள் எத்தனை தாள் வைத்தால் எவ்வளவு எடை என்று அஞ்சலகத்துக்குப் போகும் முன் சொல்லிவிடலாம்.

செய்து பாருங்கள்

விடைக்கு முன், ஒவ்வொன்றிலும் மாறாதது எது என்று ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு வயலுக்கு 23 கிலோ தழைச்சத்து வேண்டும். 46 சதவீதம் தழைச்சத்து உள்ள யூரியாவானால் எவ்வளவு? 20:20:0 உரமானால் எவ்வளவு? மாறாதது 23 கிலோ சத்து. யூரியா 50 கிலோ, மற்றது 115 கிலோ. விலையை ஒப்பிடும்போது மூட்டைக்கு மூட்டை பார்க்காமல் சத்துக்குச் சத்து பாருங்கள். 20:20:0-இல் மணிச்சத்தும் சேர்ந்தே வருகிறது என்பதையும் கணக்கில் எடுங்கள்.

விடுதியில் 30 பேருக்கு 20 நாள் அரிசி இருக்கிறது. 5 நாள் கழித்து 15 பேர் கூடுதலாக வருகிறார்கள். மீதி எத்தனை நாளைக்கு வரும்? 5 நாள் தின்றதை விட்டுவிடுங்கள். மீதி 30 × 15 = 450 ஆள்நாள் அரிசி. 45 பேருக்கு 10 நாள்.

100 அடி நீள நேர் வேலிக்கு, இரு முனையிலும் கல் இருக்கும்படி, 10 அடிக்கு ஒரு கல் நட 11 கல் வேண்டும். 200 அடிக்கு? 22 இல்லை, 21. கல்லும் அடியும் நேர் விகிதத்தில் இல்லை. இடைவெளியும் அடியும்தான் இருக்கின்றன. 10 இடைவெளி 20 ஆனது, அதோடு ஒரு கல். இதுவே தோட்டத்தைச் சுற்றி வளைத்து மூடும் வேலியானால், 100 அடிச் சுற்றுக்கு 10 கல், 200 அடிச் சுற்றுக்கு 20 கல்.